மூலக்கொத்தளத்தில் மழை மணக்கும் விதம்

கத்திரி வெயில் முடிகிற நாட்களில் ஒரு சாயங்காலம், மழைக்குச் சற்று முன்பு, வடசென்னையின் மூலக்கொத்தளம் மயானத்தை ஒட்டிய தெருவில் நின்று பாருங்கள். கிழக்கே காசிமேட்டிலிருந்து மீன் கவிச்சி வருகிறது. காற்று வடக்கிலிருந்து திரும்பினால் மணலி ஆலைகளின் நெடி. துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர்களின் டீசல் புகையும் பேசின் பிரிட்ஜ் பக்கத்துக் கால்வாயின் சாக்கடை வாடையும் கலந்துதான் அந்தத் தெருவின் காற்றே. ஆனால் மேற்கே வானம் இருண்டு எங்கோ நாலு தூறல் விழுந்ததும், இவை எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு மண்வாசனை வந்துவிடுகிறது. டீக்கடை வாசலில் கிளாஸோடு நிற்பவர், “மழ வரப் போவுது பா” என்கிறார். அவர் தலையில் இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

இத்தனை வாடைகளுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் எப்படித் தனித்துத் தெரிகிறது? மழைக்கு முன்னாலேயே எப்படி வருகிறது? மயானச் சுற்றுச்சுவர் ஓரத்தில் தூக்கலாக இருக்கும் மணம், நாலு எட்டு தள்ளி சிமென்ட் போட்ட சந்துக்குள் ஏன் மெலிந்துபோகிறது? மறுநாளும் மழை பெய்தால் அதே மணம் ஏன் வருவதில்லை? மழையையும் மண்ணையும் பற்றிய கேள்விகளாகத் தோன்றும் இவை, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் வாழ்க்கைக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. மூலக்கொத்தளம் மயானம் வடசென்னை மக்களின் பல தலைமுறைகளை வாங்கிக்கொண்ட இடம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். மயான நிலத்தின் ஒரு பகுதியில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது. மிச்சமுள்ள பகுதியில்தான், நெருக்கியடித்துக் கட்டிய இந்த வட்டாரத்தில் அபூர்வமாகிவிட்ட ஒன்று இன்னும் இருக்கிறது: மூடப்படாத மண். சரக்கு யார்டுகளும் கிடங்குகளும் வீடுகளும் சேர்ந்து தரையை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்ட வட்டாரத்தில், இறந்தவர்களுக்காக விட்டுவைத்த நிலம் மழைக்கும் திறந்திருக்கிறது. சுவரோரம் மணம் தூக்கலாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மண்வாசனைக்கு அறிவியல் ஏட்டில் தனிப் பெயர் கிடைத்தது 1964-ல். ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் அதைப் ‘பெட்ரிக்கோர்’ என்று அழைத்தார்கள். அவர்கள் செய்த வேலை எளிமையானது, அதனாலேயே அழகானது. வெயிலில் காய்ந்து கிடந்த பாறைத் துண்டுகளையும் களிமண்ணையும் எடுத்து நீராவியில் வடித்தார்கள். மஞ்சள் நிறத்தில் துளியளவு எண்ணெய் இறங்கியது. முகர்ந்தால் மழையின் மணம். செடிகொடிகளிலிருந்து கோடை முழுவதும் கசியும் எண்ணெய்ப் பொருட்கள் காற்றில் கலந்து, நுண்துளைகள் உள்ள கல்லிலும் மண்ணிலும் மெல்லப் படிகின்றன என்று விளக்கினார்கள். அடுத்த ஆண்டே இன்னொன்றையும் கண்டார்கள்: இந்த எண்ணெய் விதைகள் முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது. வறண்ட காலத்தில் அவசரப்பட்டு முளைத்துக் கருகாமலிருக்க இது உதவலாம்.

ஆனால் அவர்களுக்கு வெகு காலம் முன்பே இந்த மணத்தைக் குப்பியில் அடைத்தவர்கள் உத்தரப் பிரதேசத்து அத்தர்க்காரர்கள். பேரும் தாமஸும் தங்கள் கட்டுரையிலேயே அதைக் குறிப்பிட்டார்கள். கன்னௌஜ் நகரில் இன்றும் ‘மிட்டி அத்தர்’ காய்ச்சுகிறார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் காய்ந்த களிமண் வில்லைகளைச் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, கீழே தீ மூட்டி, மேலெழும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கும் இன்னொரு கலத்துக்குள் இறக்குவார்கள். மண்ணின் மணத்தைச் சந்தன எண்ணெய் வாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் நடந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

செடிகளின் எண்ணெய் மட்டும் என்றால், செடியே அபூர்வமான வடசென்னையில் இவ்வளவு மணம் எங்கிருந்து வரும்? எண்ணெயோடு இன்னொரு பொருளும் இருக்கிறது. 1891-லேயே பிரான்ஸில் பெர்த்தலோ, ஆந்த்ரே என்ற இருவர் மண்ணின் மணத்துக்குக் காரணமான பொருளைத் தேடி மண்ணை வடித்துப் பார்த்தார்கள். கிடைத்தது மிகமிகச் சிறிய அளவு. இன்னதென்று அடையாளம் காண முடியவில்லை. 1965-ல்தான் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷெவலியேவும் அதைத் தனியாகப் பிரித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது மண்ணை நேரடியாக அல்ல, மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாவை. ஸ்ட்ரெப்டோமைசீஸ் எனப்படும் இந்த பாக்டீரியா பூஞ்சையைப் போல இழை இழையாக வளரும். இதைத் தட்டில் வளர்த்தாலே அந்த இடம் புதுமழை பெய்தது போல மணக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ‘ஜியோஸ்மின்’ என்று பெயர் வைத்தார்கள். கைப்பிடி மண் போதும், இந்த இழைப் பாக்டீரியா லட்சக்கணக்கில் இருக்கும். சருகு, மட்கிய வேர், செத்த பூச்சியின் ஓடு என்று எது மண்ணுக்குள் போனாலும் அதைச் சிதைத்து மீண்டும் மண்ணாக்குவோரில் இவையும் உண்டு. மயான மண்ணும் இவற்றின் உழைப்புக்கு விலக்கல்ல.

ஜியோஸ்மினை நம் மூக்கு பிடிக்கும் கூர்மை வியப்பானது. ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் பத்துப் பங்கு இருந்தாலே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். இந்த எண்ணை நம்மூர் அளவில் போட்டுப் பார்த்தேன். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 9,300 கோடி லிட்டர். ஏரி கரை ததும்பி நிற்கும்போது அவ்வளவு தண்ணீரும் மண் வாடை அடிக்க எவ்வளவு ஜியோஸ்மின் வேண்டும்? ஒரு கிலோகூட வேண்டாம்.

இந்தக் கூர்மையோடு மூக்கின் இன்னொரு இயல்பும் சேர்ந்துகொள்கிறது. தொடர்ந்து இருக்கும் வாடையை மூக்கு சற்று நேரத்தில் கணக்கிலிருந்து எடுத்துவிடும். வெளியூர்க்காரருக்கு மூச்சை அடைக்கும் மீன் கவிச்சி, காசிமேட்டுக்காரருக்குத் தெரிவதே இல்லை. புதிதாக வருவதை மட்டும் மூக்கு உரக்கச் சொல்லும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்தபோதும் அங்குள்ள மக்களை எச்சரித்தது அவர்களுடைய மூக்கும்தான். ஆபத்தைச் சொல்லப் பழகிய அதே மூக்கு, கோடையின் முதல் தூறலில் இனிமையையும் சொல்கிறது. பல மாதம் இல்லாத ஒரு மணம், அதுவும் மூக்கு மிகக் கூர்மையாகப் பிடிக்கும் மணம் திடீரென்று வரும்போது, ஆண்டு முழுவதும் இருக்கும் டீசலும் சாக்கடையும் பின்னுக்குப் போய்விடுகின்றன.

மண்ணுக்குள் இருந்த பொருள் மூக்குவரை ஏறி வருவது எப்படி என்பது 2015 வரை தெளிவாகத் தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடியில் யங்சூ ஜூங், கல்லன் பூயி என்ற இரு பொறியாளர்கள் அதிவேகக் கேமராவை வைத்து அதைப் படம்பிடித்தார்கள். மண்ணும் செயற்கைப் பொருளுமாக 28 வகைப் பரப்புகள், சுமார் 600 சோதனைகள். படத்தை மெதுவாக ஓட்டினால் தெரிவது இது: மழைத்துளி துளைகள் உள்ள பரப்பில் மோதித் தட்டையாகப் பரவுகிறது. மோதும் கணத்தில் மண்ணின் துளைகளில் இருந்த காற்று துளிக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. வேறு வழியில்லாத அந்தக் காற்று சின்னச் சின்னக் குமிழிகளாகத் துளிக்குள் ஏறி, மேல்பரப்பில் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் மிக நுண்ணிய நீர்த்திவலைகளை மேலே தெறிக்கவிடுகிறது. கோலி சோடாவை உடைத்து வாயருகே கொண்டுபோகும்போது மேலுதட்டில் சில்லென்று தெறிக்குமே, அதேதான். அந்தத் தெறிப்பில் சோடாவின் சுவை இருப்பதுபோல, இந்தத் தெறிப்பில் மண்ணிலிருந்த எண்ணெயும் ஜியோஸ்மினும் இருக்கும். காற்றில் மிதக்கும் இந்தத் திவலைகளை ‘ஏரோசால்’ என்பார்கள். நுண்தூவல் என்று நாம் சொல்லலாம். இதே குழுவினர் 2017-ல் மண் பாக்டீரியாவே இந்தத் தூவலில் ஏறிப் பயணம் செய்யும் என்றும் காட்டினார்கள்.

அடைமழையைவிட நிதானமான மழையில்தான் குமிழிகள் அதிகம் உருவாகும். துளி வேகமாக வந்து மோதினால் காற்று குமிழியாகச் சேர அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் முதல் தூறலில் கமகமக்கும் மணம், மழை பிடித்துக் கொட்ட ஆரம்பித்ததும் போய்விடுகிறது. மண் நனைந்தபின் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருக்கும், சேர்ந்திருந்த எண்ணெயும் கழுவிப் போயிருக்கும். மறுநாள் மழையில் மணம் வராததற்கு இது விடை. ஐப்பசி அடைமழையின் நடுவில் யாரும் மண்வாசனையைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்குக் காய்ச்சல் வேண்டும், நீண்ட வெயில் வேண்டும், பிறகு சிறு துளி வேண்டும். பூசி மெழுகிய சிமென்டில் துளையும் குறைவு, பாக்டீரியாவுக்கு உணவும் இல்லை. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் சிவப்பு ஓடு பதித்த மொட்டைமாடியில் மணம் வரும். சுட்ட மண்ணின் துளைகள் கோடை முழுவதும் காற்றிலிருந்து எண்ணெயை வாங்கி வைத்திருக்கும்.

டீக்கடை வாசலில் நின்றவர் மழைக்கு முன்பே சொன்னதற்கும் விடை வந்துவிட்டது. சென்னையின் கோடை இடிமழை பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை. உள்மாவட்டங்களின் வெக்கையில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, திருத்தணி, திருவள்ளூர்ப் பக்கம் கொட்டிவிட்டுச் சாயங்காலமோ இரவோ கரைக்கு வரும். மழை பொழியும் இடத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழிறங்கி நாலாபுறமும் முன்னால் ஓடும். அதுவரை கடற்காற்று வீசிய மூலக்கொத்தளத்தில் காற்று சட்டென்று மேற்கிலிருந்து திரும்புவது அப்போதுதான். அந்தக் காற்று, ஏற்கெனவே நனைந்த வயல்காடுகளின் நுண்தூவலைச் சுமந்துகொண்டு வருகிறது. சில நேரம் அதில் ஊசிபோலக் கூரிய இன்னொரு நெடியும் இருக்கும். மின்னல் காற்றிலுள்ள ஆக்சிஜனை உடைத்து உண்டாக்கிய ஓசோன் அது.

இதுவரை எப்படி என்று பார்த்தோம். பாக்டீரியா ஏன் மணக்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஸ்ட்ரெப்டோமைசீஸ் உணவு கிடைக்கும்வரை மண்ணுக்குள் இழைகளாகப் பரவிக்கொண்டே போகும். உணவு தீர்ந்ததும் அதன் வாழ்க்கை திசை மாறுகிறது. பழைய இழைகளில் பல தம்மையே கரைத்துக்கொள்ள, அந்தச் சத்தில் புதிய இழைகள் மேல்நோக்கி எழுந்து, நுனியில் வித்துகளைக் கட்டுகின்றன. வறட்சியைத் தாங்கி மாதக்கணக்கில் கிடக்கக்கூடிய வித்துகள் அவை. வித்து கட்டும் மரபணுக்கள் எந்தக் கட்டளையில் இயங்குகின்றனவோ, ஜியோஸ்மின் தயாரிக்கும் மரபணுவும் அதே கட்டளையில்தான் இயங்குகிறது. மணம் எழுந்தால், வித்து தயார் என்று பொருள். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசீஸால் நகர முடியாது. வித்தைப் புது இடத்துக்குக் கொண்டுபோக யாராவது வேண்டும்.

அந்த யாரோ ஒரு சிற்றுயிர். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் வெள்ளையாக, கடுகைவிடச் சிறியதாகத் துள்ளி ஓடும். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் வாலை விடுவித்துத் தாவுவதால் ‘ஸ்பிரிங்டெயில்’ என்பார்கள், துள்ளுவாலி என்றால் பொருந்தும். நாற்பது கோடி ஆண்டுப் பாறைகளிலேயே இதன் இனத்துப் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. 2020-ல் ஸ்வீடன், பிரிட்டன் ஆய்வாளர்கள் துள்ளுவாலியின் உணர்கொம்பில் மின்முனை பொருத்தி ஜியோஸ்மினைக் காட்டினார்கள். கொம்பு மின்துடிப்பால் பதில் சொன்னது. மணத்தைத் தொடர்ந்து வரும் துள்ளுவாலி பாக்டீரியாவை மேய்கிறது. வித்துகள் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன. விழுங்கியவையும் உயிரோடு எச்சத்தில் வெளியேறுகின்றன. இரை கிடைக்கிறது ஒருவருக்கு, பயணம் கிடைக்கிறது இன்னொருவருக்கு. வேறு பல சிற்றுயிர்களைக் கொல்லும் நஞ்சுகளை இந்த பாக்டீரியா சுரந்தாலும் துள்ளுவாலியால் அவற்றைத் தாங்க முடிகிறது.

அந்த நஞ்சுகள் நமக்கு மருந்தானவை. 1943-ல், ஜியோஸ்மின் பிரித்தெடுக்கப்பட்ட அதே ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஸ்ட்ரெப்டோமைசீஸின் ஒரு வகையிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். காசநோயைக் குணமாக்கிய முதல் ஆன்டிபயாட்டிக் அது. அந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று சென்னையில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, நெரிசலான ஏழை வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அந்த முதல் ஆய்வில் கொடுத்தவை வேறு மருந்துகள். 1964-ல் வெளியான அடுத்த ஆய்வொன்றில் வாரத்துக்கு இரண்டு முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டு வெற்றி கண்டார்கள். இன்று நாம் உபயோகிக்கும், இயற்கையிலிருந்து வந்த ஆன்டிபயாட்டிக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இழைப் பாக்டீரியா குடும்பத்தின் கொடை. தொற்றுநோயால் நிரம்பிய காலங்களைப் பார்த்த ஒரு மயானத்தின் மண்ணிலும், அந்த நோய்களுக்கு மருந்து தந்த உயிரினத்தின் உறவுகள் வாழ்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு மண்வாசனையின் மீதுள்ள பிரியம் கூடுகிறது.

ஜியோஸ்மினை முகர்ந்து எல்லோரும் ஓடி வருவதில்லை. பழ ஈயின் மூளையில் இந்த ஒரே பொருளுக்கென்று தனி நரம்புப் பாதை இருப்பதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். அது அடித்தால் ஈ அந்தப் பழத்தை விட்டு விலகிவிடும், நஞ்சுள்ள நுண்ணுயிர் ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நேர்மாறாக நாடி வருகிறது. தேங்கிய நீரில் ஜியோஸ்மின் இருந்தால் புழுக்களுக்குத் தீனி இருக்கும் என்பதால் அங்கே முட்டையிடுகிறது.

நாமும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறோம். காற்றில் வந்தால் கண்ணை மூடி ரசிக்கும் அதே பொருள், குடிதண்ணீரில் வந்தால் தம்ளரைக் கீழே வைக்கிறோம். ஏரியில் பாசி மண்டும் காலத்தில் குழாய்த் தண்ணீர் மண் வாடை அடிப்பதும், கெண்டை மீனின் சேற்று வாடையும் இதனால்தான். காசிமேட்டுக் கடல் மீனில் அந்தச் சேற்று வாடை இல்லை. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாக மாறிவிடும். ஏரி மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அலசும் வழக்கத்துக்கு வேதியியலும் துணை நிற்கிறது. 2024-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மனித மூக்கின் மண ஏற்பிகளில் 600-க்கும் மேற்பட்ட வடிவங்களைச் சோதித்து, ஒன்றே ஒன்று மட்டும் ஜியோஸ்மினுக்குப் பதில் தருவதைக் கண்டார்கள். வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலியிடம் உள்ள அதே ஏற்பி, நம்முடையதைவிடச் சுமார் 100 மடங்கு கூர்மை. தண்ணீர் அரிதான இடத்தில் ஈரம் எங்கே என்று தெரிவது உயிர் பிழைக்கும் வழி. நம் முன்னோர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். கெட்ட தண்ணீரையும் உணவையும் தவிர்க்க உதவியது என்பது இன்னொரு கருத்து. எனக்கு இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்காத மண் பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் விடுங்கள். நாலு மாடி ஏறி வாழ்கிற வாரியக் குடியிருப்பு வீட்டிலும் இது முடியும். பிறகு இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வையுங்கள். மணம் வந்ததும் ஈரமான அதே இடத்திலேயே இன்னும் பத்து சொட்டு விடுங்கள், குறைந்துவிடும். தொட்டியைத் திருப்பிக் காய்ந்த பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள், மறுபடி வரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் பளபளப்பான டைல்ஸ் துண்டு ஒன்றையும் வைத்து அதன் மேலும் சொட்டச் சொல்லுங்கள். எதில் மணக்கிறது, எதில் இல்லை, ஏன் என்று அவர்களே சொல்வார்கள்.